சந்தாவை நிறுத்தியவர்கள் சொன்னது

1917 ஜூனில் 'கேமரா வொர்க்' காலாண்டிதழின் கடைசி எண் நியூயார்க்கிலிருந்து வந்தபோது, மிச்சமிருந்த சந்தாதாரர்கள் 37 பேர். 1903-இல் தொடங்கியபோது ஓர் இதழுக்கு ஆயிரம் பிரதி அச்சிட்ட பத்திரிகை அது. புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் இந்த 37-ஐத் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஆசிரியர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் காலத்தை முந்திப் போய்விட்டார், வாசகர்களுக்கு அவரோடு நடக்கத் தெம்பில்லை என்பது அவர்கள் சொல்லும் கதை. அது முழுக்க ஆசிரியர் பக்கத்துக் கதை. விலகிப் போனவர்கள் யார், எதை எதிர்பார்த்துப் பணம் கட்டினார்கள், எந்த இதழோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் தெரிகிறது. பெரிய கேமராக்காரர்களுக்காக வந்த பத்திரிகைகள் பலவற்றில் அந்த நியாயம் வேறு வேறு குரலில் பேசப்பட்டிருக்கிறது.

பெரிய கேமரா என்று நான் சொல்லும் லார்ஜ் ஃபார்மேட் என்பது தாள் ஃபிலிமிலோ கண்ணாடித் தட்டிலோ ஒன்றொன்றாக எடுக்கும் படம். பழைய ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுத்தார்களே, அந்தக் கேமராதான். தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். லென்ஸையும் பின்பலகையையும் தனித்தனியாகச் சாய்த்து, எது கூர்மையாக விழ வேண்டும், எந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும் என்று எடுப்பவர் முடிவு செய்யலாம். 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டால் 4க்கு 5 அங்குலத் தாளின் பரப்பு சுமார் 15 மடங்கு. 8க்கு 10 தாள் 60 மடங்கு. இவ்வளவு பெரிய நெகட்டிவை எதற்குச் சுமக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தஞ்சாவூரிலேயே பதில் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்து தெரிய வேண்டுமென்றால் நெகட்டிவ் பெரிதாக இருந்தாக வேண்டும். (சிறிது காலத்தில் ஆளுநர் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அதையும் ஒரு விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளலாம்.)

இப்படி எடுப்பவர்கள் எந்த ஊரிலும் சிலர்தான் இருப்பார்கள். ஃபிலிம் விலை அதிகம். டெவலப்பரைத் தானே கலக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. ஆகவே பத்திரிகைதான் அவர்களுக்குச் சங்கம், கடைத்தெரு, கண்காட்சி எல்லாம். வேறொரு குணமும் உண்டு. சினிமாப் பத்திரிகை வாங்குகிறவர் சினிமா எடுப்பதில்லை. இங்கே வாசகர்களில் பெரும்பாலோர் தாங்களே செய்பவர்கள். பக்கத்தைப் புரட்டும்போதே நிழல் பகுதி அடைத்துப் போயிருக்கிறதா, வெண்மையில் விவரம் தங்கியிருக்கிறதா என்று அளக்கிற கண் அவர்களுடையது.

அந்தக் கண்ணுக்கு முதலில் படுவது அச்சு. எட்டுக்குப் பத்து நெகட்டிவை நேரடியாகத் தாளின் மேல் வைத்து ஒளி காட்டி எடுக்கும் கான்டாக்ட் பிரிண்டில் நிறம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இடைவெளி இல்லாமல் நகரும். அதையே பத்திரிகையில் போட ஹாஃப்டோன் பிளாக்குக்குப் போனால் படம் புள்ளிகளாக உடைந்துவிடும். சாதாரண ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 கோடு என்ற கணக்கில் அடித்த ஒரு படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பாறையின் வெடிப்பு, மரப்பட்டையின் நார் என்று எடுத்தவர் அரை நாள் காத்திருந்து பிடித்ததெல்லாம் அங்கே சின்னதும் பெரிதுமான மைப்பொட்டுகளாக நிற்கும். பொட்டைவிடச் சிறிய விவரம் எதுவும் தாளுக்கு வரவே வராது. ஆக, நுணுக்கத்துக்காகவே ஒரு கலையை மேற்கொண்டவர்களுக்கு அந்த நுணுக்கத்தைத் தொலைத்துவிட்டுத்தான் பத்திரிகை போட முடிகிறது. லார்ஜ் ஃபார்மேட் வாசகரின் அதிருப்தியில் பாதி இங்கே பிறக்கிறது என்பது என் எண்ணம். கட்டுரை சரியில்லை என்று அவர் சொல்லும்போதுகூடப் பல சமயம் கோபம் அச்சின் மேல்தான்.

ஸ்டீக்லிட்ஸ் இதைப் புரிந்துகொண்டவர். அவர் தேர்ந்தெடுத்த வழி ஃபோட்டோகிராவ்யூர். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தால் அரித்து, ஆழத்துக்கு ஏற்ப மை தங்கும்படி செய்து அழுத்தி எடுக்கும் முறை அது. வரிசையான புள்ளி கிடையாது; மை தடிமனாகவும் மெல்லியதாகவும் இறங்கும். முடிந்தவரை மூல நெகட்டிவிலிருந்தே தகடு செய்ய வைத்தார். மெல்லிய ஜப்பானியத் தாளில் அடித்த படங்களைத் தடித்த தாளில் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினார்கள். 1904-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பிய அசல் பிரிண்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்தவர்கள் 'கேமரா வொர்க்'கின் கிராவ்யூர் படங்களை எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றை அசல் என்றே நினைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு புகைப்படப் பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய வாசகர் கடிதம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏன் விலகினார்கள்?

அதற்கு ஒரு முன்கதை உண்டு. நியூயார்க் கேமரா கிளப்பின் 'கேமரா நோட்ஸ்' இதழை 1897 முதல் ஸ்டீக்லிட்ஸ்தான் நடத்தினார். கிளப்பின் நடவடிக்கைக் குறிப்பாக இருந்ததை உலகத் தரத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் சந்தா கட்டியவர்கள் கிளப்பின் உறுப்பினர்கள். எங்கள் பத்திரிகையில் எங்கள் படத்துக்கு இடமில்லையா, அவருக்குப் பிடித்த நாலு பேர் படமே ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டார்கள். ஸ்டீக்லிட்ஸுக்கு அது அற்பத்தனமாகப் பட்டது. 1902-இல் விலகி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். அதாவது 'கேமரா வொர்க்' பிறந்ததே வாசகர் கருத்தோடு வந்த சண்டையில்தான். அந்த உறுப்பினர்களை ரசனையற்றவர்கள் என்று வரலாறு ஒதுக்கிவிட்டது. கேட்ட கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. பத்திரிகை அவர்கள் பணத்தில் நடந்தது.

புதிய பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களும் பெரும்பாலும் படம் எடுப்பவர்களே. லார்ஜ் ஃபார்மேட் என்ற பெயர் அன்று தேவைப்படவில்லை. தீவிரமாக எடுப்பவர்களில் பலரிடம் இருந்தது தட்டுக் கேமராதான். ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் கேட்டது கிடைத்தது. கெர்ட்ரூட் கேஸ்பியர், எட்வர்ட் ஸ்டைகன் ஆகியோரின் படங்கள், ஃப்ரெடரிக் எவன்ஸ் எடுத்த தேவாலய உட்புறங்கள். பிறகு ஸ்டீக்லிட்ஸின் கவனம் ஐரோப்பிய நவீன ஓவியத்தின் பக்கம் திரும்பியது. 1911-இல் சிற்பி ரோடானின் கோட்டோவியங்களுக்கு ஓர் இரட்டை எண். 1912 ஆகஸ்டில் மட்டீஸ், பிக்காஸோ இருவருக்குமாக ஒரு சிறப்பு எண். அதில் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதிய இரண்டு சொற்சித்திரங்கள். கலை வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படும் எண்கள் இவை. படம் எடுப்பதற்காகப் பத்திரிகை வாங்கியவர் கையில் இவை வந்தபோது சந்தாக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. பின்னால் போர் வந்து செலவும் ஏறியது.

இங்கே நான் வாசகர் பக்கம் நிற்கிறேன். பிக்காஸோ பிடிக்கவில்லை என்பதற்காக அவர்கள் போனார்கள் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். கேமராவுக்கென்று ஒரு பத்திரிகை இருந்தது, இப்போது இல்லை என்பது அவர்கள் குறை. ஸ்டீக்லிட்ஸ் புகைப்படத்தை ஓவியத்தோடு சரிசமமாக உட்கார வைக்கப் பார்த்தார். வாசகரோ தன் வேலைக்கு உதவும் ஒரு துணையைத் தேடினார். இரண்டும் ஒரே அட்டைக்குள் கொஞ்ச காலம்தான் இருக்க முடிந்தது.

ஆனாலும் கருத்துக் கேட்கும் ஆசை ஸ்டீக்லிட்ஸுக்கே வந்தது. 1914 ஜூலை என்று தேதியிட்டு 1915 ஜனவரியில் வெளிவந்த 47-ஆம் எண் விசித்திரமானது. அவர் நடத்திய '291' காட்சிக்கூடம் உங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டு, வந்த 68 பதில்களை அப்படியே அச்சிட்டார். கேள்வி காட்சிக்கூடத்தைப் பற்றியது என்றாலும் கூடமும் பத்திரிகையும் ஒரே உயிர் என்பதால் பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும். ஓவியர்கள், விமர்சகர்கள், நண்பர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கிய ஹாட்ஜ் கிர்னன் என்ற மேற்கிந்தியத் தீவுக்காரரும் எழுதினார், அவர் எழுதியதும் மற்றவர்களோடு சமமாக வந்தது. நெருங்கிய கூட்டாளியான ஸ்டைகன் புகழுரை எழுத மறுத்து, இந்தக் கேள்வியே தேவைதானா என்கிற தொனியில் எழுதினார். அதையும் ஸ்டீக்லிட்ஸ் வெட்டவில்லை. பாராட்டுகள் பல பக்கத்துக்கு ஓடுகின்றன. சில படிக்கக் கூச்சமாகவே இருக்கின்றன. இந்த எண்ணில் எழுதியவர்கள் எல்லோரும் தங்கிவிட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. போனவர்களுக்கு யாரும் கேள்வி அனுப்பவில்லை.

அடுத்த தலைமுறையில் சண்டை பத்திரிகையின் பக்கங்களுக்குள்ளேயே நடந்தது. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக் முதலியோர் 'எஃப் 64' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். லென்ஸின் மிகச் சிறிய துளை, முன்னும் பின்னும் எல்லாம் கூர்மை, மழமழப்பான தாளில் கலப்பில்லாத பிரிண்ட் என்பது அவர்கள் கட்சி. அந்த ஊரிலிருந்து வந்த 'கேமரா கிராஃப்ட்' மாத இதழின் வாசகர்களோ பெரும்பாலும் மங்கலும் அழகுமாகப் படம் செய்யும் பிக்டோரியலிஸ்ட் பழக்கம் உள்ளவர்கள். ஆசிரியர் சிகிஸ்மண்ட் ப்ளூமன் அந்தக் குழுவின் கண்காட்சியைப் பார்த்து 1933-இல் மதிப்புரை எழுதினார். குறை சொல்லும் மனநிலையோடு போனவர் ஓரளவு மனம் மாறித் திரும்பியது அதில் தெரிகிறது. தன் வாசகருக்குப் பிடிக்காத ஒன்றை நேர்மையாகப் பார்த்து எழுதிய ஆசிரியர் என்று அவரைச் சொல்லலாம்.

1934-இல் அதே இதழில் ஆடம்ஸ் தன் தொழில்நுட்பத்தை விளக்கித் தொடர் எழுத, வில்லியம் மார்ட்டென்சன் அதற்கு நேர் எதிரான கொள்கையைத் தொடராக எழுதினார். பிரிண்டைச் சுரண்டியும் தீட்டியும் கற்பனைக் காட்சி உண்டாக்குகிறவர் மார்ட்டென்சன். ஆசிரியருக்குக் கடிதங்கள் பறந்தன. ஆடம்ஸும் வான் டைக்கும் காட்டமாகவே எழுதினார்கள். பார்க்க வேண்டிய விஷயம், பத்திரிகை இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. மார்ட்டென்சனின் செய்முறைப் புத்தகங்கள் அன்று அமோகமாக விற்றன, காரணம் அவர் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். ஆடம்ஸ் தரப்பு வெற்றி பெற்றதற்கும் அவர்கள் படங்கள் மட்டும் காரணம் இல்லை என்பேன். ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து அவர் வகுத்த ஸோன் சிஸ்டம், ஒளியளவையும் டெவலப் செய்யும் நேரத்தையும் வாசகர் கையாளக்கூடிய கணக்காக மாற்றியது. தான் செய்து பார்க்க முடிகிற ஒன்றைக் கொடுக்கிற பத்திரிகையை இந்த வாசகர் எளிதில் விடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான வாசகர் கூட்டம் ஒன்று உண்டு. 1925-இல் அரிசோனா மாநில நெடுஞ்சாலைத் துறை சாலைச் செய்திகளுக்காகத் தொடங்கிய 'அரிசோனா ஹைவேஸ்', 1938-இல் ரேமண்ட் கார்ல்சன் ஆசிரியரான பின் நிலக்காட்சிப் பத்திரிகையாக மாறியது. விளம்பரங்களை எடுத்துவிட்டார். 1946 டிசம்பர் இதழ் முழுக்க வண்ணத்தில் வந்தது. அமெரிக்கா முழுதும் விற்ற பத்திரிகைகளில் அப்படி வந்தது அதுவே முதல் என்று சொல்வார்கள். ஜோசஃப் மியூன்ச், அவர் மகன் டேவிட், ரே மேன்லி, ஆன்சல் ஆடம்ஸ் ஆகியோரின் பெரிய கேமராப் படங்கள் அதில் வந்தன. பல பத்தாண்டுகள் அங்கே 4க்கு 5 வண்ண டிரான்ஸ்பரன்ஸிக்குத்தான் மரியாதை. அதன் வாசகரில் பெரும்பாலோர் கேமராவே தொடாதவர்கள். எந்த லென்ஸ், எந்த ஃபிலிம் என்று அவர்களுக்குக் கவலையில்லை. மான்யூமென்ட் வேலியின் சிவப்பைப் பார்த்து அங்கே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். பெரிய நெகட்டிவின் பலனை அனுபவித்தார்கள், அதன் பெயரை அறியாமல். அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது. பார்க்கிறவர்களை நம்பிய பத்திரிகைக்கு நிழல் பகுதியைப் பற்றிய முறையீடுகள் அதிகம் வந்திருக்க வழியில்லை.

செய்பவர்களை மட்டுமே நம்பி வந்தது 'வியூ கேமரா'. 'யூசிங் தி வியூ கேமரா' என்ற கையேட்டை எழுதிய ஸ்டீவ் சிம்மன்ஸ் 1988-இல் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தார். லார்ஜ் ஃபார்மேட்டுக்கென்றே அமெரிக்காவில் வந்த பத்திரிகை என்றால் பல ஆண்டுகள் அதுதான். 'கேமரா வொர்க்' வாசகர் தேடிய துணை இங்கே கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். லென்ஸ் ஒப்பீடு, டெவலப்பர் சூத்திரம், பிளாட்டினம் பிரிண்டுக்கான செய்முறை, நடுவில் இரண்டு மூன்று பேருடைய படத்தொகுப்பு. ஆனால் குறைகள் தீர்ந்தனவா?

இல்லை, திசை மாறின. சிறிய துறையின் பத்திரிகைக்கு இருக்கும் சங்கடம் இது: ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் சிலர் சேர்வார்கள், அவர்களுக்கு லென்ஸ் பலகையைச் சாய்ப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லென்ஸைச் சாய்த்தால் எந்தத் தளம் கூர்மையாக விழும் என்று சொல்லும் ஷைம்ப்ளூக் விதி 1904-க்குப் பிறகு மாறவில்லை, அதைப் பத்தாவது முறை படிக்கும் பழைய சந்தாதாரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். கருவி பற்றி எழுதினால் படம் எங்கே என்று ஒருவர் கேட்பார், படம் போட்டால் இதை எப்படி எடுத்தார் என்று சொல்லவில்லையே என்று இன்னொருவர். கேமரா செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், விளம்பரம் தருகிறவர்களும் அவர்களே. அப்படியிருக்க மதிப்புரை எவ்வளவு காரசாரமாக இருந்துவிட முடியும்? டிஜிட்டல் வந்தபின் ஸ்கேனருக்கும் இங்க்ஜெட் பிரிண்டுக்கும் இந்தப் பத்திரிகையில் இடம் உண்டா என்ற தகராறு வேறு. கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்தியதில், கான்டாக்ட் பிரிண்டுக்காரர்களின் உயிராக இருந்த அஸோ தாளும் போயிற்று. 2008-இல் போலராய்டு உடனடி ஃபிலிமைக் கைவிட்டது. மூலப்பொருளே மறையும்போது வாசகருக்குப் பத்திரிகையின் எழுத்துப்பிழைகூடத் தன் உலகம் சிதைவதன் அடையாளமாகத் தெரியும்.

அச்சுப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. இந்தத் துறையில் அதற்கு விடை கண்டவர்கள் பத்திரிகைக்கு வெளியே இருந்தார்கள். 8க்கு 20 அங்குலக் கேமராவோடு அலைந்த மைக்கேல் ஏ. ஸ்மித், தன் லோடிமா பிரஸ் புத்தகங்களைப் பெல்ஜியத்தில் அங்குலத்துக்கு 600 கோடு, நான்கு மை என்ற தரத்தில் அச்சிட வைத்தார். சில ஆயிரம் சந்தாவை நம்பும் இருமாத இதழால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. கருவிக்கு உழைக்கும் பத்திரிகை கையேட்டின் அச்சுத் தரத்தில் வரும், படத்துக்கு உழைக்கும் பத்திரிகை ஆயிரம் பிரதியோடு தொடங்கி 37 பேரோடு முடியும். நடுவில் ஒரு வழி இருந்திருக்கலாம், அதற்கு இந்த வாசகர் கூட்டம் போதவில்லை.

'வியூ கேமரா' இப்போது அச்சில் இல்லை. அதன் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் செய்முறைக் கட்டுரைகளுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 'கேமரா வொர்க்'கை யாரும் செய்முறைக்காகத் தேடுவதில்லை. தனிக் கிராவ்யூர் ஒன்றே ஏலத்துக்கு வருகிறது. கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் அதன் இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தொடங்குகிறவர்கள் ஸ்டைகன் படங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், 47-ஆம் எண்ணையும் திறந்து பாருங்கள். அந்த எண்ணில் படமே கிடையாது. கிர்னனின் பதிலையும் ஸ்டைகனின் பதிலையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, போனவர்கள் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.